மலையில் வீடியோ எடுக்கிறீர்களா? காற்றும் ஹாரனும் பேச்சை விழுங்காமல் இருக்க நீலகிரி, பழனி மலைகளுக்கான வழிகாட்டி

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் எடுத்து வந்த பல வீடியோக்களில் படம் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருக்கும், பேசுபவர் என்ன சொல்கிறார் என்பது மட்டும் புரியாது. எடுக்கும்போது பக்கத்தில் நின்றவருக்குத் தெளிவாகக் கேட்ட பேச்சு, வீட்டில் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் ஒரே இரைச்சலுக்குள் கிடக்கும். நம் காது வேண்டாததை ஒதுக்கிவிட்டுக் கேட்கும். மைக்குக்கு அந்த வேலை தெரியாது. முன்னால் என்ன வந்தாலும் வாங்கிக்கொள்ளும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திறந்த வெளியில் பதிவான இரைச்சலில் பெரும்பகுதியை எந்த மென்பொருளாலும் பேச்சைக் கெடுக்காமல் சுத்தமாகப் பிரித்தெடுக்க முடியாது. ரெக்கார்ட் பட்டனை அழுத்துவதற்கு முன்பே தடுத்தாக வேண்டும். விலை உயர்ந்த மைக் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மைக் வாய்க்கு எவ்வளவு அருகில் இருக்கிறது, அதன் மேல் காற்றைத் தடுக்கும் ரோமக் கவசம் இருக்கிறதா, எந்த நேரத்தில் எடுக்கிறீர்கள் என்பவைதான் முக்கால்வாசி வேலையை முடித்துவிடும்.

1. அனுமதியும் தாள்களும்

சத்தத்துக்கும் அனுமதிக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். அமைதியான நேரம் வேண்டுமென்றால் கூட்டம் வருவதற்கு முன் உள்ளே போக வேண்டும். அதற்கு முன்கூட்டியே தாள் கையில் இருக்க வேண்டும்.

வெளியூர் வண்டியில் நீலகிரிக்கோ கொடைக்கானலுக்கோ வருபவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது. வண்டி எண், வரும் நாள், எத்தனை பேர், எங்கே தங்குகிறீர்கள் என்ற விவரங்கள் போதும். அரசுப் பேருந்தில் வந்தால் தேவையில்லை. சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்ற உச்சவரம்பும் வருவதுண்டு. ஆகவே கடைசி நாள் இரவு எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். விதிகள் சீசனுக்கு சீசன் மாறுகின்றன, கிளம்பும் வாரத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

அவலாஞ்சி, பேரிஜம், முதுமலை போன்ற வனத்துறை இடங்களில் படப்பிடிப்புக்கு அந்த வனக்கோட்டத்தின் அலுவலகத்தில் எழுத்து மூலம் அனுமதி கேட்க வேண்டும். ஊட்டி தாவரவியல் பூங்கா, குன்னூர் சிம்ஸ் பூங்கா, கொடைக்கானல் பிரையண்ட் பூங்கா ஆகியவை தோட்டக்கலைத் துறையின் கீழ் வருபவை. நுழைவுச் சீட்டு போக கேமராவுக்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். தேயிலைத் தோட்டம் தனியார் நிலம், மேனேஜரின் கடிதம் இல்லாமல் வரிசைக்குள் இறங்காதீர்கள்.

கடிதத்தில் நாள், நேரம், ஆட்களின் எண்ணிக்கை, அடையாள அட்டை நகல், கருவிகளின் பட்டியல் எல்லாம் இருக்கட்டும். பட்டியலில் மைக், மைக்கை மாட்டிப் பிடிக்கும் நீளமான பூம் கம்பு, முக்காலி மூன்றையும் மறக்காமல் எழுதுங்கள். போனில் எடுத்தால் யாரும் கேட்க மாட்டார்கள். கம்பின் நுனியில் ரோமம் போர்த்திய மைக்கைப் பார்த்தாலே "ஷூட்டிங்கா?" என்று வாயிலில் நிறுத்துவார்கள். குறைந்தது இரண்டு வாரத்துக்கு முன்னால் கொடுத்துவிடுங்கள். "காலை 6 முதல் 9 வரை" என்று நேரத்தைக் கடிதத்திலேயே குறிப்பிட்டுக் கேளுங்கள். பொத்தாம் பொதுவாக "ஒரு நாள்" என்று கேட்டால் திறப்பு நேரத்துக்குப் பிறகுதான் விடுவார்கள், அதற்குள் முதல் சுற்றுலாப் பேருந்து வந்து நின்றிருக்கும்.

இன்னொரு சங்கதி. நீலகிரியில் பிளாஸ்டிக் கேரி பேக், சின்னத் தண்ணீர் பாட்டில் எல்லாம் தடை. சோதனைச் சாவடியில் பிடுங்கிவிடுவார்கள். மழைக்கு மைக்கைக் கேரி பேக்கில் சுற்றிக் கொண்டுவரும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். இறுக மூடும் எவர்சில்வர் டிபன் டப்பாவில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு வந்தால் ஈரமும் ஏறாது, நசுங்கவும் செய்யாது.

2. எதை வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது

ஒரே ஒரு பொருள் வாங்க முடியும் என்றால் வயர் உள்ள காலர் மைக் வாங்குங்கள். ஆயிரம் ரூபாய் வாக்கில் கிடைக்கும். அதற்கென்று சின்ன ரோமத் தொப்பி சில நூறு ரூபாய், அதையும் சேர்த்தே வாங்குங்கள். கூட வரும் கறுப்புப் பஞ்சு உறை வீட்டுக்குள் மூச்சுக்காற்றைத் தடுக்கத்தான் உதவும். தொட்டபெட்டா காற்றில் அது இருப்பதும் ஒன்று, இல்லாததும் ஒன்று.

வயர்லெஸ் செட் வசதியானது. ஆனால் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும் மலிவான செட்டுகளுக்கு ஆளின் உடம்பே பெரிய தடை. பேசுபவர் முதுகைக் காட்டித் திரும்பினால் ஒலி அறுந்து அறுந்து வரும். ஈரமான செடிகளுக்கு நடுவே இன்னும் மோசம். பேசுபவர் மாட்டிக்கொள்ளும் டிரான்ஸ்மிட்டரிலேயே தனியாகப் பதிவாகும் வசதி உள்ள செட்டாகப் பார்த்து எடுங்கள்.

நேர் எதிரே வரும் ஒலியை அதிகமாகப் பிடிக்கும் ஷாட்கன் மைக், பூம் கம்பு, கூண்டு போன்ற பெரிய விண்ட்ஷீல்டு ஆகியவற்றைக் கோவையிலோ மதுரையிலோ கேமரா வாடகைக் கடைகளில் நாள் கணக்கில் எடுக்கலாம். ஆதார் நகலும் முன்பணமும் கேட்பார்கள். இங்கே வழக்கமாக ஏமாறுவது ரோமக் கவசத்தில்தான். மைக்கை மட்டும் பெட்டியில் வைத்துக் கொடுத்துவிடுவார்கள். "ஃபர் எங்கே?" என்று கேட்டு வாங்குங்கள். கடையிலேயே ஹெட்போன் போட்டு ஒரு நிமிடம் பதிவு செய்து பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். மலை ஏறிய பிறகு மாற்றிக்கொள்ள வழியில்லை.

போனில் எடுப்பவர்கள் மைக் வயரின் நுனியில் உள்ள பின்னைப் பாருங்கள். பின்னின் மேல் மூன்று கறுப்பு வளையம் இருந்தால் போனுக்கானது, இரண்டு இருந்தால் கேமராவுக்கானது. மாற்றிச் செருகினால் மைக் வேலை செய்யாது, போன் நமக்குத் தெரியாமலே தன் சொந்த மைக்கில் பதிவு செய்துகொண்டிருக்கும். சில மைக்குகளில் இதற்கென்று சுவிட்ச் உண்டு. டைப்-சி மாற்றி வாங்கும்போதும் கவனம். பாட்டு கேட்க மட்டும் பயன்படும் மாற்றிகளில் மைக் இணைப்பே இருக்காது. செருகியதும் மைக்கின் தலையை நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். அந்தக் கரகரப்பு பதிவில் பலமாகக் கேட்டால் சரியான மைக்கில் ஓடுகிறது. கேட்காவிட்டால் இல்லை.

காதை முழுவதும் மூடும் ஹெட்போன் கட்டாயம் வேண்டும். இயர்பட்ஸ் போதாது. வெளிச் சத்தம் உள்ளே நுழைந்தால் மைக்கில் வருவது எது, நேரே காதுக்கு வருவது எது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

3. எந்த மாதம், எந்த மணி

தென்மேற்குப் பருவமழைக் காலமான ஜூன் முதல் செப்டம்பர் வரை நீலகிரியின் மேற்குப் பக்கம், அதாவது கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி, நடுவட்டம் வட்டாரம் பேச்சுப் பதிவுக்கு ஏற்றதல்ல. காற்றும் மழையும் மாறி மாறி அடிக்கும். அந்த மாதங்களில் எடுத்தே தீர வேண்டுமென்றால் கிழக்குப் பக்கம் குன்னூர், கோத்தகிரிக்கு நகருங்கள். அங்கே பெருமழை அக்டோபர், நவம்பரில்தான். கொடைக்கானலுக்கும் அதே மாதங்கள்தான் கனமழைக் காலம். மே மாதம் மலர்க் கண்காட்சி, கோடை விழா என்று இரண்டு ஊர்களும் ஹாரனில் மூழ்கிக் கிடக்கும். ஜனவரி, பிப்ரவரிதான் நல்ல காலம்.

ஒரு நாளுக்குள் பார்த்தால் விடிந்து முதல் இரண்டு மணி நேரம் தங்கமான நேரம். பகலில் வெயில் ஏற ஏறச் சரிவை ஒட்டிக் காற்று மேல்நோக்கி ஏறும். இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கை நோக்கி இறங்கும். இரண்டும் மாறும் இடைவெளியில், சூரியன் எழும் சமயத்தில், இலை அசையாது.

அந்த நேரத்துக்கும் ஒரு குறை உண்டு. குளிர்ந்த காற்று கீழே தேங்கி அதைவிட வெதுவெதுப்பான காற்று மேலே இருக்கும்போது, ஒலி வானத்தில் சிதறிப் போகாமல் வளைந்து தரைக்கே திரும்புகிறது. கேத்தி பள்ளத்தாக்கு மாதிரி இடங்களில் அடுத்த மலைச் சரிவில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி பக்கத்துத் தெருவில் பாடுவது போலக் கேட்கும். மார்கழியில் இந்தச் சிக்கல் உச்சம். ஒலிபெருக்கிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை தடை என்று 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொன்னாலும், 6 மணி அடித்ததும் பாட்டு தொடங்கிவிடும். முந்தின நாள் மாலையே கோயில் கமிட்டியிடமோ பூசாரியிடமோ போய்ப் பாட்டு எத்தனை மணிக்கு நிற்கும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மரியாதையாகக் கேட்டால் பத்து நிமிடம் நிறுத்தியும் தருவார்கள். டிசம்பர் கடைசி, ஜனவரியில் படுகர் ஊர்களில் ஹெத்தையம்மன் பண்டிகை நாட்களையும் விசாரித்துத் தவிர்த்துவிடுங்கள், அல்லது பண்டிகையையே படமாக எடுக்க அனுமதி கேளுங்கள்.

மலை ரயில் பாதைக்கு அருகே எடுத்தால் அட்டவணையைக் கையில் வைத்திருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை நீராவி எஞ்சின் இழுக்கிறது, குன்னூருக்கு மேலே டீசல். இரண்டின் விசிலும் பல வளைவு தாண்டிக் கேட்கும். ரயில் கடக்கும் நேரத்துக்கு முன்னும் பின்னும் பேச்சுப் பதிவை வைத்துக்கொள்ளாதீர்கள். அந்த நேரத்தில் ரயிலின் ஒலியைத் தனியாகப் பிடித்து வைத்துக்கொண்டால் எடிட்டில் உதவும்.

4. இடத்தைக் காதால் பாருங்கள்

காட்சி நன்றாக இருக்கிறது என்று முக்காலியை நிறுத்திவிடாதீர்கள். ஹெட்போனை மாட்டி மைக்கைக் கையில் பிடித்து, கண்ணை மூடி இரண்டு நிமிடம் கேளுங்கள். பிறகு பத்தடி நகர்ந்து மறுபடி கேளுங்கள்.

சாலைச் சத்தத்துக்கு மலையில் ஒரு நல்ல வழி இருக்கிறது. சாலையின் மட்டத்துக்குக் கீழே இறங்குங்கள். தேயிலை வரிசைக்குள் ஐந்து முதல் பத்து மீட்டர் இறங்கினால், சாலையோர மண் விளிம்பே சுவராக நின்று டயர், ஹாரன் சத்தத்தின் கூர்மையை வாங்கிக்கொள்ளும். செடிகள் தடுக்கும் என்று நம்பி ஒரே மட்டத்தில் உள்ளே தள்ளிப் போவதில் பெரிய பயன் இல்லை. இடுப்பளவுத் தேயிலைச் செடியும் வரிசையாக நிற்கும் யூகலிப்டஸும் ஒலியை அவ்வளவாகத் தடுப்பதில்லை. மண்ணும் பாறையும்தான் தடுக்கும். யூகலிப்டஸ், சவுக்கு அடியில் நின்றால் இலைச் சலசலப்பு கூடுதல் தொல்லை.

கொண்டை ஊசி வளைவுகளை விட்டு விலகுங்கள். ஏறும் பேருந்து கியர் மாற்றுவதும் ஹாரன் அடிப்பதும் அங்கேதான். அறுத்த பாறைச் சுவர் எதிரே இருந்தால் ஒவ்வொரு சத்தமும் இரண்டு முறை கேட்கும்.

காட்சி முனைகளில் எல்லோரும் செய்வது கம்பி வேலியை ஒட்டி நிற்பது. கோடநாடு, டால்பின் நோஸ், கொடைக்கானல் தூண் பாறை எல்லாவற்றிலும் பகல் நேரத்தில் செங்குத்துச் சரிவிலிருந்து காற்று மேலே எகிறி வேலியில்தான் அடிக்கும். தூரக் காட்சியை வேலியிலிருந்து எடுத்துக்கொண்டு, பேசுபவரைப் பத்துப் பதினைந்து மீட்டர் பின்னால் நிறுத்துங்கள். முக்காலி வேலிக் கம்பியில் படக்கூடாது. அதைப் பிடித்திருப்பவர் காலை மாற்றி வைத்தாலும் அதிர்வு ஏறும்.

தேயிலைத் தோட்டத்தில் மேஸ்திரியிடம் இரண்டு கேள்வி கேட்டால் போதும்: இன்று எந்தப் பக்கம் மெஷின் ஓடுகிறது, இலை எடை போடுவது எத்தனை மணிக்கு. கொழுந்து அறுக்கும் மெஷினும் கவாத்து மெஷினும் பெட்ரோலில் ஓடுபவை, ஒரு சரிவு முழுக்கக் கேட்கும். ஃபேக்டரிக்கு அருகில் இலை வாட்டும் மின்விசிறிகள் இராத்திரி பகலாக ஓடும், அங்கே காத்திருந்து பயனில்லை, நகர வேண்டியதுதான்.

கேமராவின் தலையில் மைக் வைத்திருந்தால், லென்ஸ் பார்க்கும் திசையிலிருந்து வருவதெல்லாம் உள்ளே வரும். பேசுபவருக்குப் பின்னால் சாலை தெரியும்படி ஃப்ரேம் வைத்தால் அந்தச் சாலையைத்தான் பதிவு செய்கிறீர்கள். பூம் கம்பு இருந்தால் மைக்கைத் தலைக்கு மேலிருந்து மார்பை நோக்கிக் கீழ்நோக்கிப் பிடியுங்கள். பின்னணியாக அப்போது தரை மட்டும்தான் இருக்கும்.

5. காற்றைத் தடுப்பது

மைக்கில் கேட்கும் "புர்ர்" உண்மையில் தூரத்திலிருந்து வரும் ஒலி அல்ல. காற்று மைக்கின் மேல் மோதிச் சுழல்வதால் உள்ளே இருக்கும் மெல்லிய தகடு நேரடியாகத் தள்ளப்படுகிறது. அதனால்தான் மைக்கின் திசையை மாற்றுவதால் மட்டும் அது போவதில்லை. மோதும் காற்றை மைக்குக்கு வெளியே மெதுவாக்க வேண்டும். நீளமான செயற்கை ரோமம் அதைச் செய்கிறது.

ரோமக் கவசம் மைக்கைச் சுற்றி இறுகப் பிடிக்கக் கூடாது. நடுவில் கொஞ்சம் காற்றிடைவெளி இருந்தால்தான் நன்றாக வேலை செய்யும். பஞ்சு உறையின் மேல் ரோமத்தைப் போடுவது அதற்காகத்தான். குறைந்த செலவில் செய்ய வேண்டுமென்றால் துணிக்கடையில் கிடைக்கும் நீள ரோமத் துணியை, ரோமம் வெளியே இருக்கும்படி பையாகத் தைத்துப் பஞ்சின் மேல் மாட்டலாம். பின்பக்கத் துணி ஊதினால் காற்று போகிற மெல்லிய துணியாக இருக்கட்டும். ரெக்சின் போல அடர்த்தியாக இருந்தால் பேச்சும் மங்கிவிடும்.

மேகம் இறங்கும் பிற்பகலில் ரோமம் ஈரமாகி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய ரோமம் காற்றைத் தடுக்காது. உதறி, சீப்பால் வாரி நிமிர்த்துங்கள். மாற்றுக்கு இன்னொன்று பையில் வைத்திருங்கள்.

மைக், ரெக்கார்டர், கேமரா எதிலாவது தாழ்ந்த ஒலிகளை வெட்டும் லோ-கட் சுவிட்ச் இருந்தால் 80 அல்லது 100 ஹெர்ட்ஸில் போடுங்கள். மைக்கிலேயே இருந்தால் அதைப் போடுவதே நல்லது. காற்று அடித்து, ஒலி அளவு மீறிப் பதிவு ஒருமுறை உடைந்துவிட்டால் பிறகு எடிட்டில் லோ-கட் போட்டு என்ன பயன்? உடைந்த பேச்சு உடைந்ததுதான்.

பேசுபவரின் முதுகைக் காற்று வரும் பக்கம் திருப்பி நிறுத்துங்கள். காலர் மைக்குக்கு அவருடைய உடம்பே மறைப்பாகிவிடும். வண்டியை மறைப்பாக நிறுத்தலாம், எஞ்சினை அணைத்துவிட்டு. மலை முகட்டிலிருந்து இருபது முப்பது மீட்டர் கீழே இறங்கினாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

6. காலர் மைக்கைப் பொருத்துவது

தூரம் இருமடங்கானால் பேச்சின் ஒலி 6 டெசிபல் குறையும். வாயிலிருந்து ஒரு சாண், அதாவது சுமார் 20 செ.மீ. தள்ளி இருக்கும் காலர் மைக்கோடு 160 செ.மீ. தள்ளி இருக்கும் கேமரா மைக்கை ஒப்பிட்டால் 18 டெசிபல் இழப்பு. பின்னணிச் சத்தமோ இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். மென்பொருளில் இரைச்சலைக் குறைக்கும் எந்த நாய்ஸ் ரிடக்‌ஷனும் பேச்சைக் கெடுக்காமல் 18 டெசிபலை மீட்டுத் தராது.

மலையில் ஆட்கள் ஸ்வெட்டர், ஜெர்கின், மப்ளரோடுதான் நிற்பார்கள். ஜெர்கின் துணி ஒவ்வொரு அசைவுக்கும் சரசரக்கும். அதன் ஜிப்பில் மைக்கைக் குத்தாதீர்கள், உலோகப் பிடி தட்டிக்கொண்டே இருக்கும். ஜெர்கினைத் திறந்துவிட்டு உள்ளே இருக்கும் ஸ்வெட்டரின் நடு மார்பில், மார்பெலும்பின் மேல் மைக்கை வையுங்கள். வயரைக் கிளிப்புக்குக் கீழே ஒரு சின்ன வளையமாகச் சுற்றி, மருத்துவமனையில் ஒட்டும் துணி டேப்பால் ஸ்வெட்டரின் உட்பக்கம் ஒட்டுங்கள். கீழே வயர் இழுபட்டாலும் அதிர்வு அந்த வளையத்தில் நின்றுவிடும், மைக்குக்கு ஏறாது. மப்ளர் நுனியைத் தோளுக்குப் பின்னால் போடச் சொல்லுங்கள். தாலிச் சங்கிலி, கழுத்து அட்டை, சட்டைப்பைப் பேனா எல்லாம் மைக்கில் உரசாமல் ஓரமாக இருக்கிறதா பாருங்கள். போர்வை போர்த்திய பெரியவர்கள் என்றால் போர்வையின் மடிப்பை விலக்கச் சொல்லிக் கேட்பதைவிட, அவர்கள் வீட்டுப் பெண்களில் ஒருவரிடம் மைக்கைக் கொடுத்துப் பொருத்தச் சொல்வது மரியாதை.

பொருத்திய பிறகு அவரைத் தலையை இடமும் வலமும் திருப்பி, கையை ஆட்டி, "உங்க பேரு, ஊரு சொல்லுங்க, காலைல என்ன சாப்பிட்டீங்க?" என்று பேசவையுங்கள். உரசல் கேட்டால் அப்போதே மாற்றிக் குத்துங்கள். பேட்டி நடுவில் நிறுத்தி மாற்றினால் பேச்சின் ஓட்டம் போய்விடும்.

7. லெவல்

பதிவின் ஒலி அளவைத் தானாகவே ஏற்றி இறக்கும் ஆட்டோ கெயினை அணையுங்கள். பேச்சு நிற்கும் ஒவ்வொரு இடைவெளியிலும் அது கெயினை ஏற்றிப் பின்னணியை உப்ப வைக்கும், பேச்சு தொடங்கியதும் இறக்கும். எடிட்டில் இதைச் சரிசெய்வது பெரும்பாடு. போனின் சொந்தக் கேமராவில் அணைக்க வழியில்லை என்றால் ஒலி அளவைக் கையால் வைக்கும் செயலியில் எடுங்கள்.

பதிவு அமைப்பு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு என்று இருக்கட்டும். லெவல் மீட்டரில் பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி நிற்கட்டும். வெளியில் திடீரென்று ஆள் சிரிப்பார், பேருந்து அலறும், அதற்கு மேலே இடம் வேண்டும். மிகப் பலத்த ஒலியையும் மெல்லிய ஒலியையும் சேர்த்தே தாங்கும் 32-பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் இருந்தால் லெவல் கவலை குறையும். ஆனால் காற்று மைக்கையே திணறடித்தாலோ, வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டரில் ஏற்கனவே உடைந்து வந்தாலோ அதாலும் காப்பாற்ற முடியாது.

வண்டிகள் ஓயாத இடத்தில் பேச்சை இரண்டு மூன்று வாக்கியமாகப் பிரித்து எடுங்கள். ஹாரன் நடுவில் வந்தால் அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொல்லச் சொல்லுங்கள், பாதியிலிருந்து வேண்டாம். வெட்டி ஒட்டும்போது தொடக்கம் சுத்தமாக இருந்தால்தான் சேரும்.

குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். மாற்று பேட்டரியை உள்சட்டைப் பையில், உடல் சூட்டில் வைத்திருங்கள். குளிரிலிருந்து அறைக்குள் போகும்போது கருவிகளைப் பெட்டிக்குள்ளேயே அரை மணி நேரம் விட்டுப் பிறகு திறவுங்கள். இல்லையென்றால் மைக்கின் உள்ளே ஈரம் பூத்துப் பொரியும் சத்தம் வரும்.

8. அருவி, மழை, சில்வண்டு, டிரோன்

அருவி இரைச்சல் தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலிவரை எல்லாவற்றிலும் பரவி, பேச்சு இருக்கும் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும். அதைக் குறைக்கப் போனால் பேச்சு தண்ணீருக்கடியிலிருந்து வருவது போல ஆகிவிடும். கொடைக்கானல் வெள்ளி நீர்வீழ்ச்சியிலோ கோத்தகிரி கேத்தரின் அருவியிலோ அருவியோடு ஆள் நிற்கும் தூரக் காட்சியை மட்டும் அங்கே எடுங்கள். பேச்சை ஒரு வளைவு தாண்டி, அருவி மங்கலாகக் கேட்கும் இடத்தில் நெருக்கமான ஷாட்டாக எடுங்கள். அருவியின் ஒலியைத் தனியே பதிந்து, பேச்சுக்கு 20 டெசிபல் கீழே வைத்துச் சேர்த்தால் இரண்டும் ஒரே இடம் போல ஒட்டிக்கொள்ளும்.

மழையில் குடை பிடித்தால் குடைத்துணி மத்தளம் ஆகிவிடும். தடித்த துண்டை நான்காக மடித்துக் குடையின் மேல் விரித்துக் கட்டுங்கள். துளி துண்டில் விழுந்து சத்தமின்றி ஊறும். தகரக் கூரைக்குக் கீழே மட்டும் ஒதுங்காதீர்கள்.

சில்வண்டுச் சத்தம் பர்லியார், கூடலூர், தாண்டிக்குடி போன்ற தாழ்ந்த உயரங்களில் கோடை மாதங்களில் அதிகம். உயர்ந்த கூர்மையான ஒலி என்பதால் பேச்சின் ச, ஸ ஒலிகளோடு மோதும். மரங்களை விட்டுத் திறந்த இடத்துக்கு வருவதுதான் வழி.

டிரோனில் ஒலியே எதிர்பார்க்காதீர்கள். முதுமலை புலிகள் காப்பகத்தில் பறக்கவிடவே கூடாது. மற்ற இடங்களில் அனுமதியோடு எடுத்தாலும், பேச்சுப் பதிவு முடிந்த பிறகு பறக்கவிடுங்கள்.

9. கிளம்புமுன் ஒரு நிமிடம்

ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல், நகராமல், அதே மைக், அதே லெவலில் 60 விநாடி வெறும் சூழலைப் பதியுங்கள். வெட்டிய இடங்களை ஒட்டவும், மென்பொருளுக்கு இரைச்சலின் மாதிரியைக் காட்டவும் இது இல்லாமல் எடிட்டில் ஒன்றும் ஓடாது. தனி ரெக்கார்டர் என்றால் படத்தையும் ஒலியையும் பிறகு பொருத்த, ஒவ்வொரு ஷாட்டின் தொடக்கத்திலும் கேமரா முன் ஒரு கைத்தட்டு. பிறகு அங்கேயே ஹெட்போனில் கடைசிப் பதிவைப் போட்டுக் கேட்டுவிட்டுப் பெட்டியை மூடுங்கள்.

10. எடிட்

வரிசை முக்கியம். முதலில் 80 முதல் 100 ஹெர்ட்ஸில் லோ-கட். ஜெனரேட்டர் அல்லது மின்மாற்றி முனகல் இருந்தால் 50, 100, 150 ஹெர்ட்ஸில் ஊசி போலக் குறுகிய வெட்டு. அதன்பின் நாய்ஸ் ரிடக்‌ஷன். மெல்லிய ஒலிக்கும் பலத்த ஒலிக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைக்கும் கம்ப்ரெஷன் கடைசியில்தான். முன்னால் போட்டால் தாழ்ந்து கிடந்த இரைச்சலையும் தூக்கிவிடும்.

இலவச மென்பொருளான ஆடாசிட்டியில், 60 விநாடிச் சூழல் பதிவிலிருந்து ஐந்து பத்து விநாடியைத் தேர்ந்து "கெட் நாய்ஸ் புரொஃபைல்" கொடுங்கள். பிறகு பேச்சைத் தேர்ந்து 6 டெசிபல் மட்டும் குறையுங்கள். போதாவிட்டால் இன்னொரு முறை 6. ஒரே அடியாக 20 குறைத்தால் பேச்சு கிணற்றுக்குள் போய்விடும். அதே பெட்டியில் "ரெசிட்யூ" என்று ஒரு தேர்வு உண்டு. எதை நீக்கப் போகிறது என்பதை மட்டும் தனியாகக் கேட்கலாம். அதில் காற்றிரைச்சல் மட்டும் கேட்டால் சரி. பேச்சின் துணுக்குகள் கேட்டால் அளவைக் குறையுங்கள்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் காற்றிரைச்சலை வியக்கும்படி அகற்றுகின்றன. ஆனால் தமிழ்ப் பேச்சில் வாக்கியத்தின் கடைசி எழுத்துகள் தாழ்ந்து மெலிந்து போகும். "வந்தாங்க", "சொன்னேன்" ஆகியவற்றின் வால் இரைச்சலோடு சேர்ந்து அழிந்துவிடவில்லையே என்று ஒவ்வொரு வாக்கியமாகக் கேளுங்கள். முதியவர்களின் பேச்சில் இன்னும் கவனம். முழு அளவில் போடாமல், சுத்தம் செய்ததையும் மூலத்தையும் கலந்து வைப்பது நல்லது.

எல்லாம் முடிந்ததும் வெட்டிய இடங்களுக்கு அடியில் சூழல் ஒலியைத் தொடர்ச்சியாக ஓடவிடுங்கள். மலையில் நிற்பவருக்குப் பின்னால் முழு நிசப்தம் இருந்தால் பார்ப்பவருக்கு உறுத்தும். போனின் ஸ்பீக்கரில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் கேட்கப்போவது அதில்தான்.

11. பேச்சு கெட்டே போயிருந்தால்

மறுபடி பேசிப் பதிவதைத் தவிர வழியில்லை. ஊருக்குத் திரும்பும்வரை தள்ளிப்போடாதீர்கள். அன்று இரவே, லாட்ஜ் அறையில் கம்பளிகளையும் ரஜாயையும் கட்டிலைச் சுற்றித் தொங்கவிட்டு, அல்லது வண்டியை ஒதுக்குப்புறமாக நிறுத்திக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு எடுங்கள். அதே மைக், அதே ஒரு சாண் தூரம். கெட்டுப்போன பதிவை பேசுபவரின் ஒரு காதில் ஓடவிட்டு, ஒவ்வொரு வாக்கியமாக அதே வேகத்தில் சொல்லச் சொல்லுங்கள். வெளியில் பேசும்போது இயல்பாகவே குரல் உயரும், அறைக்குள் தாழும். அதனால் ஐந்தடி தள்ளி நிற்பவரிடம் பேசுவது போலக் குரலை வைக்கச் சொல்லுங்கள். பிறகு அந்த இடத்தின் 60 விநாடிச் சூழல் பதிவை அடியில் சேருங்கள். உதட்டசைவு கொஞ்சம் விலகினால் அந்த இடத்தில் தேயிலைச் சரிவையோ மேகத்தையோ காட்டும் ஷாட்டைப் போட்டுக்கொள்ளலாம்.